ஏர் கன்னுக்கு வந்த பரு

ஜெபசிங் அந்தத் துப்பாக்கியை வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தார். மேசையில் கிடத்தி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கடைசி மடிப்பில் கையை நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“தொறந்துடு மாமு, உள்ள அதுக்கு மூச்சு முட்டப்போவுது,” என்றாள் பெர்சிஸின் உதவியாளர் மலர்க்கொடி.

துணிக்குள் இருந்தது ஏர் கன். பட்டறைகளில் காற்றுக் குழாயின் முனையில் தொங்குமே, விசையை அழுத்தினால் புஸ்ஸென்று சீறி இரும்புத் தூளை விரட்டுமே, அது.

“இன்னாக்கா இது. கன்னு திருட்டுன்னு சொன்ன. நான் வூட்ல அல்லாருக்கும் டாட்டா காட்டிட்டு வந்துகீறேன்.”

“மாமா கன்னுன்னுதான் சொன்னார். குண்டை நீயே போட்டுக்கிட்டே,” என்றாள் பெர்சிஸ்.

சொன்னாளே தவிர, அவளுக்குள்ளும் ஏதோ சப்பென்று இறங்கியது. திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ‘பெர்சிஸ் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டியதிலிருந்து அவளிடம் வந்தவை எல்லாம் கல்யாண விசாரணைகள்தாம். பையன் குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே யாராவது உண்டா. சொந்தக்காரர்கள் அவள் தொழிலைப் பற்றிப் பேசும்போது, குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருக்கும் தோல் வியாதியைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தச் சொந்தத்தில் முதன்முதலாக ஒருவர் தொழில் முறையில் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் ஜெபசிங் மாமா. தெற்கே நாசரேத்திலிருந்து வந்து ராயபுரத்தில் ஹார்ட்வேர் மொத்த வியாபாரம் பிடித்து, திருச்சபைக் கமிட்டியில் முன் வரிசை நாற்காலியும் பிடித்தவர். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காலையில் பெர்சிஸ் தன் காட்டன் புடவைக்கு இரண்டாவது முறை இஸ்திரி போட்டதை மலர்க்கொடியிடம் சொல்லவில்லை.

“இது நம்ம ஷிபின் டிசைன் பாத்துக்க,” என்றார் ஜெபசிங். “மே மாசமே செஞ்சு முடிச்சிட்டான். அன்னா உக்காந்திருக்கான் பாரு, அந்தப் பய, எழிலன். அப்பம் அவன் இங்கதான் வேல பாத்தான். அடுத்த மாசம் நின்னுட்டு விம்கோ நகர்ல ஒரு பொம்பள பட்டறைக்குப் போனான். சபீஹான்னு பேரு. இப்பம் அவ இதே கன்னைத் தூக்கிக்கிட்டு எண்ணூர் கண்டெய்னர் யார்டுல போயி நிக்கா. நாங்க ஆர்டர் கேட்டுப் போனா, இதத்தான் ஏற்கெனவே ஒரு அம்மா காட்டிட்டாங்களேன்னு சிரிக்கான்.”

எழிலன் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்திருந்தான். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கடை ஆட்கள் அவனைப் பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டார்கள். ஒரு காலத்தில் அவர்களோடு ஒரே பாத்திரத்தில் டீ வாங்கிக் குடித்தவன்.

“நான் எடுக்கலக்கா,” என்றான் பெர்சிஸிடம். “நான் இங்க இருந்தவரைக்கும் இப்பிடி ஒரு கன்னை கண்ணாலயே பாக்கல. எனக்கு போர்ட்ல கிரேன் ஆபரேட்டர் வேல வந்துகீது. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. இவுரு இன்னிக்கி கேஸு குடுத்தார்னா அத்தோட போச்சு.”

“எல, அத எடுக்கும்போது யோசிச்சிருக்கணும்.”

“போன வேற புடுங்கி டிராயர்ல வச்சிக்கினாரு. வூட்ல தேடுவாங்க.”

மலர்க்கொடி டிராயரைப் பார்த்தாள். “அடுத்தவன் போன எடுத்து வச்சிக்கிறதுக்கு உங்க ஊர்ல இன்னா மாமு பேரு?”

ஜெபசிங் அவளைக் காதில் வாங்கவில்லை. ‘இந்தப் பிள்ளை எதுக்கு?’ என்கிற கேள்வியைக் கண்ணால் மட்டும் பெர்சிஸிடம் கேட்டுவிட்டு, விஷயத்துக்கு வந்தார். “நீ பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. ரெண்டு கன்னையும் பாரு. ரெண்டும் ஒரே டிசைன்தான்னு உன் லெட்டர்பேட்ல எழுதிக் குடு. சாயங்காலம் எஸ்.ஐ. அம்மா வாராவ. மீதிய அவிய பாத்துக்கிடுவாவ.”

ஜெபசிங்கின் மகன் ஷிபின் லேப்டாப்போடு வந்தான். அவன் பெர்சிஸுக்கு முறைப்பையன். வயதில் இளையவன் என்பதால் இரண்டு வீட்டிலும் யாரும் பேச்சை எடுக்கவில்லை. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெர்சிஸ் தன் பிறந்த வருடத்துக்கு நன்றி சொல்வாள்.

“சாதாரண ஏர் கன்ல லைட்டா தொட்டாலே ஃபுல் காத்தும் வந்துடும் பெர்சி. தூள் திரும்பி மூஞ்சியில அடிக்கும். இதுல உள்ள ஸ்பெஷல் வால்வு. பாதி அழுத்தினா மெல்லிசா வரும். முழுசா அழுத்தினா முழு வேகம். விட்டா அந்த செகண்டே நின்னுடும்.”

கம்ப்ரசர் குழாயில் மாட்டிக் காட்டினான். பாதி அழுத்தினான். சுவரில் வேத வசனக் காலண்டர் லேசாகப் படபடத்தது. முழுதாக அழுத்தினான். மேசைமேல் இருந்த வாஷர்கள் எல்லாம் எழிலன் காலடிக்குப் போய்ச் சேர்ந்தன. விட்டான். நிசப்தம்.

நல்ல பொருள்தான். பெர்சிஸ் அதைக் கையில் வாங்கித் திருப்பினாள். குழலின் மேல்பக்கம், முனைக்குக் கொஞ்சம் முன்னால், அலுமினியத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு மேடு இருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கோணலாக ஒரு கீறல்.

“இது என்ன, பரு மாதிரி?”

“தம்ப் ரெஸ்ட்,” என்றான் ஷிபின், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல. “கட்டைவிரல் வழுக்காம இருக்க. ரொம்ப ஸ்டடி பண்ணி வச்சது. பிரசன்டேஷன்ல இதுக்குன்னே தனியா ஸ்லைடு இருக்கு.”

“நடுவுல இல்லியே. ஒரு சைடா சாஞ்சிகினு கீது,” என்றாள் மலர்க்கொடி.

“மனுஷனோட கட்டைவிரல் நேராவா இருக்கு?”

மலர்க்கொடி தன் கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தாள். “என்துது நேராத்தாம்பா கீது. ஒனக்கு எப்பத்துலேர்ந்து இப்பிடி?”

*

விம்கோ நகரில் சபீஹாவின் பட்டறை, இரண்டு குடோன்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டிருந்தது. துப்பட்டாவை இறுக்கிச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றிருந்தாள். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் மெஷினை அணைத்தாள். கோபத்தை அணைக்கவில்லை.

“எழிலன எப்ப வுடுவாங்க? அத மொதல்ல சொல்லு.”

“அதுக்குத்தான் வந்திருக்கோம்,” என்றாள் பெர்சிஸ்.

“நீ அவங்க சொந்தக்காரி தான? மூக்கு அப்பிடியே கீது.”

பெர்சிஸ் தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள்.

சபீஹா தன் ஏர் கன் ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். வெல்வெட் இல்லை. கிரீஸ் துடைத்த பழைய பனியன்தான். “போன வருஷம் தூள் பூந்து கண்ண கட்டிகினு படுத்துகினு கெடந்தேன். வேற வேல இல்ல, யோசிச்சேன். தொட்டதும் சீறுறதாலதான இந்தப் பாடு, அதோட ஆத்திரத்த கொஞ்சம் கொறைக்கலாமேன்னு. வால்வு மேல வால்வா வெட்டி வெட்டிப் பாத்து, செப்டம்பர்லதான் ஒழுங்கா ஒண்ணு வந்துச்சு. வரைஞ்சி குடுத்தது நானு. கூட நின்னு ராவுனது எழிலன்.”

“அவங்க மே மாசமே செஞ்சதாச் சொல்றாங்க.”

“சொல்லுவாங்க. வாய்க்கு வால்வு கெடையாதே.”

பெர்சிஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிடி ஒன்று. விசை ஒன்று. குழலின் வளைவுகூட ஒன்று. சபீஹாவின் கன்னில் பரு மட்டும் இல்லை. அது அவளைக் கொஞ்சம் உறுத்தியது. திருடுபவர்கள் ஒன்றைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஷிபின் யோசித்துச் சேர்த்ததை இவள் வேண்டாமென்று வழித்துவிட்டிருக்கலாம்.

“இத கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க,” என்று ஷிபினின் கன்னை நீட்டினாள்.

சபீஹா அதைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, பருவைத் தடவினாள். “இன்னா கருமம் இது?”

“கட்டைவிரல் வைக்க.”

“கட்டவிரல் இங்கயா? புடிச்சிகினு வேல செய்யிறப்ப கட்டவிரல் இப்பிடிச் சுத்திகினு பக்கவாட்டுல நிக்கும். அந்த மேட்டத் தொடணும்னா இன்னொரு கை வளரணும்.” பிடித்துக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் பருவுக்கும் நடுவே இன்னொரு விரல் படுத்துத் தூங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. “இத வச்சவன் ஒரு நாளும் ஏர் கன்னப் புடிச்சி வேல செஞ்சவன் இல்ல.”

அது உண்மையாகத்தான் பட்டது. ஆனால் வேலை செய்யத் தெரியாதவன் திருடன் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சொந்தத்தில் பாதிப்பேர் உள்ளே இருப்பார்கள்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது மலர்க்கொடி கேட்டாள்: “இன்னாக்கா, மாமு பக்கமா, பாய்வூட்டம்மா பக்கமா?”

“நான் யார் பக்கமும் இல்லை.”

“பொய். மாமு சொன்னது நெஜமா இருக்கணும்னு ஒனக்கு ஆச. மூஞ்சில எய்தி ஒட்டிகீது.”

பெர்சிஸ் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணை வேலைக்கு வைத்தது மற்றவர்களின் முகத்தைப் படிக்கத்தான். தன் முகம் அதில் சேராது என்று சம்பளம் பேசும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆசைதான். மாமா சொன்னது மெய்யாக இருந்து, அதைத் தான் நிரூபித்து, அடுத்த ஞாயிறு சபை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கையில் அவர் நாலு பேரிடம் ‘நம்ம பெர்சிஸ்தான் கண்டுபிடிச்சா’ என்று சொல்ல வேண்டும். இந்தக் காட்சியைக் காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் எழிலன் எங்கே இருந்தான் என்று யோசித்தாள். எங்கும் இல்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரயில்போல நின்றுவிட்டிருந்தன. மலர்க்கொடி இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்துப் பார்த்துவிட்டு, முன்னால் போக வழியில்லாமல் ஒரு லாரியின் பின்புறத்தோடு ஒட்டி நிறுத்தினாள். பெர்சிஸின் முகத்துக்கு நேரே லாரியின் பின் கதவு. கதவின் தாழ்ப்பாளில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது.

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி, நெற்றியில் பொட்டோடுதான் திரிந்தன. வருடா வருடம் பார்ப்பதுதான். பார்க்காமல் பார்ப்பது. அவர்கள் வீட்டில் பொட்டு கிடையாது, பூஜை கிடையாது. பஸ்ஸின் முகத்தில் இருக்கும் சந்தனம் அவளுக்கு அடுத்த வீட்டுக் கோலம் மாதிரி. மிதிக்காமல் தாண்டிப் போனால் போதும்.

இன்றைக்கு வேறு எதையும் பார்க்க வழியில்லாததால் அதையே பார்த்தாள். கெட்டியாகக் குழைத்து அப்பிய சந்தனம். காய்ந்து மேடு தட்டியிருந்தது. மேட்டின் நடுவில் குங்குமம் வைத்த விரல் பதிந்து ஒரு பள்ளம். டீசல் புகையில் சந்தனமும் குங்குமமும் கறுத்து, எது தகரம் எது பொட்டு என்று தெரியாத நிறம்.

பெர்சிஸ் கையை நீட்டி அதைத் தடவினாள். பிறகு பையிலிருந்து ஷிபினின் கன்னை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பருவைத் தடவினாள்.

“யம்மா, லாரிய இன்னாத்துக்கு சொரண்டிகினு கீற?” பின்னால் கிளீனர் கத்தினான்.

“அவுங்க துப்பறியிறாங்க. நீ ஒன் வேலயப் பாரு,” என்றாள் மலர்க்கொடி.

“மலர், உங்க வீட்ல ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பீங்களா?”

“எங்க வூட்லயா? புத்தர் படம் ஒண்ணுதான் கீது. பக்கத்து வூட்டுக்காரு பைக்குக்குப் பொட்டு வச்சா, மாப்ள யாருன்னு எங்கப்பா கேப்பாரு. ஏன்?”

பெர்சிஸ் கன்னை நீட்டினாள். “இதுக்கு யாரோ வச்சிருக்காங்க.”

மலர்க்கொடி கன்னையும் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாய் சும்மா இருந்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

“அசல் கன் ஒண்ணை மண்ணுல அழுத்தி அச்சு எடுத்திருக்காங்க. அந்த அசல் மேல காய்ஞ்ச பொட்டு ஒண்ணு இருந்திருக்கு. அச்சுல பொட்டும் விழுந்திருக்கு. அலுமினியத்தை ஊத்தினதும் சந்தனமும் அலுமினியமாயிடுச்சு.”

“அத்தப் போயி கட்டவிரலுக்குன்னு ஸ்லைடு போட்டானே அந்தப் புள்ளாண்டான்.”

“அவனுக்குத் தெரியலை மலர். எண்ணெய்ப் பிசுக்குல கறுத்துப்போயிருந்திருக்கும். அவங்க வீட்லயும் பொட்டு கிடையாது. டிசைன்ல ஒரு பகுதின்னே நினைச்சிருக்கான். எதுக்குன்னு புரியாததால அவனே ஒரு காரணமும் கண்டுபிடிச்சிட்டான்.”

“பாவம், அது ஒண்ணுதான் அவன் சொந்தமா கண்டுபுடிச்சது.” மலர்க்கொடி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தாள். “இரு, இரு. மே மாசத்துல செஞ்ச கன்னுல ஆயுத பூஜ பொட்டு எப்பிடி வந்துச்சு?”

“அதைத்தான் மாமாகிட்ட கேக்கணும்.”

சபை வாசலில் நின்ற கூட்டம் அவள் மனசுக்குள்ளேயே ஒவ்வொருவராகக் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கேட்பதற்கு முன்னால் அந்தப் பொட்டுக்காரனைப் பிடிக்க வேண்டும். சபீஹாவுக்குப் போன் போட்டாள்.

“பொட்டா? எங்க பட்டறையிலயா? நான் தொழுவுறவ. எழிலன் பஞ்சசீலம் சொல்றவன். பூஜ அன்னிக்கி லீவு வுட்டு, எதிர் குடோன்ல குடுத்த பொரிய துன்னுட்டுப் படுத்துட்டோம்.”

“அப்போ உங்க கன் வேற யார்கிட்டயாவது இருந்ததா?”

“ட்ரையலுக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். காசிமேட்டுல போட் எஞ்சின் மெக்கானிக்கு, வல்லரசுன்னு. பூஜைக்கு மின்னாடியே வாங்கிகினு போனவன். உப்ப ஊதித் தள்றதுக்கு அல்வா மாதிரி கீதுன்னு சொல்லிகினு, திருப்பித் தரவே மாட்டேங்கறான்.”

*

மீன்பிடித் துறைமுகத்தில் வல்லரசு ஒரு விசைப்படகின் எஞ்சினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். மீதிப் பாதி பேசியது.

“கன்னா? அது என்துக்கா. சபீஹாக்கா கேட்டாக்கூட தரமாட்டேன்.”

“பாத்துட்டுத் தர்றோம்.”

“அல்லாரும் இத்தத்தான் சொல்றீங்க.”

பெர்சிஸும் மலர்க்கொடியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இதுக்கு முன்னால சொன்னது யாரு?” என்றாள் பெர்சிஸ்.

வல்லரசு வெளியே வந்து கையைத் துடைத்தான். “ஹார்ட்வேர் கட சின்ன மொதலாளி. கண்ணாடி போட்டுகினு, ஷூ போட்டுகினு. பூஜ முடிஞ்சி ஒரு வாரம் இருக்கும். ஓஸ் பைப்பு வாங்க அவுரு கடைக்குப் போனேன், கன்ன கைல வச்சிகினு. நல்லாக்கீதே, பாத்துட்டுத் தரேன்னாரு. ரெண்டு நாள் கயிச்சி குடுத்துட்டாரு. ஆனா இன்னா பண்ணாரோ, சந்தனம் பூரா மண்ணு.”

எஞ்சின் மேலிருந்து கன்னை எடுத்துக் கொடுத்தான். குழலின் மேல்பக்கம் அதே இடத்தில், அதே பக்கம் சாய்ந்து, கறுத்த பொட்டு. அதற்குள் பொடிப்பொடியாக மண் பதிந்திருந்தது. கடற்கரை மணல் இல்லை. அச்சுக்குப் போடுகிற கறுப்பு மண்.

“இத்தனை நாளா இதைத் துடைக்கவே இல்லையா?”

“சாமிக்கு வச்சதத் தொடைக்கக் கூடாதுக்கா. தானா உதிரணும். அதுங்காட்டியும் அடுத்த பூஜ வந்துடும்.”

“நீங்கதான் வச்சீங்களா?”

“வேற யாரு?” மோதிர விரலைக் காட்டினான். என்றைக்கோ ஃபேன் பெல்ட்டில் மாட்டிய விரல். நகம் பிளந்து கோணலாக முளைத்திருந்தது.

பெர்சிஸ் ஷிபினின் கன்னை எடுத்தாள். “இந்தப் பள்ளத்துல உங்க விரலை வைங்க.”

வைத்தான். அலுமினியப் பள்ளத்துக்குள் விரல் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. கோணல் நகம் கோணல் கீறலில் போய் நின்றது.

“ஐய,” என்றான் வல்லரசு. “என் வெரலு எப்பிடிக்கா அங்க போச்சு?”

“டிசைன் பண்ணிட்டாங்க மாமு ஒன்ன,” என்றாள் மலர்க்கொடி. “வா, வண்டில ஏறு. முதலாளியப் பாத்துட்டு வருவோம்.”

*

ஸ்கூட்டர் மூன்று பேரோடு ராயபுரம் வந்து சேர்ந்தபோது எஸ்.ஐ. இன்னும் வந்திருக்கவில்லை. எழிலன் அதே டின்மேல் இருந்தான். யாரோ ஒரு டீ வைத்திருந்தார்கள். அது அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

வல்லரசைப் பார்த்ததும் ஷிபின் லேப்டாப்பை மூடினான்.

பெர்சிஸ் இரண்டு கன்களையும் வெல்வெட் துணிமேல் வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். பொட்டு, மண், பூஜை, விரல். சொல்லச் சொல்ல, ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டார்கள். கடைசியில் வல்லரசு தன் விரலைப் பள்ளத்தில் வைத்துக் காட்டினான். அதை அவன் இப்போது ஒரு வித்தைக்காரனைப்போல, சட்டைக் கையை மடித்துவிட்டுச் செய்தான்.

ஷிபின் குனிந்து பருவைப் பார்த்தான். அவன் முகத்தில் திருட்டு பிடிபட்ட கலக்கத்தைவிட வேறொரு வருத்தம் பெரிதாக இருந்தது.

“அப்போ அது தம்ப் ரெஸ்ட் இல்லையா?”

“வாய மூடுல,” என்றார் ஜெபசிங்.

பெர்சிஸின் தோளைத் தொட்டு, நைலான் கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் குரல் இளகியது. வீட்டு விசேஷங்களில் கேட்கிற குரல்.

“ஏட்டி, நம்ம வீட்டு அழுக்கு நம்மளோட இருக்கட்டும். அந்தப் பயல விட்டிருதேன். கம்ப்ளைண்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நீ ஒண்ணும் எழுதாண்டாம். யார்டு ஆர்டர் மட்டும் எங்ககிட்ட வரட்டும்.”

“அப்போ சபீஹா?”

“அவ கெட்டிக்காரி. இன்னொண்ணு செஞ்சிக்கிடுவா.”

“உங்களுக்கு முன்னாலேயே தெரியும், இல்லையா மாமா?”

அவர் கயிற்றின் நுனியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சும் என்னை ஏன் கூப்பிட்டீங்க? ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க.”

ஜெபசிங் அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிக் களைத்த மனிதர் சட்டென்று உண்மைக்குள் உட்கார்ந்துகொள்வதுபோல இருந்தது அது.

“நீ கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சிருந்தா கூப்பிட்டிருப்பனா?”

பெர்சிஸுக்கு முதலில் காது சுட்டது. இரண்டு முறை இஸ்திரி போட்ட புடவை, சபை வாசல், நாலு பேர். எல்லாம் வரிசையாக வந்து முகத்தில் அடித்தன. பிறகு, அந்த எரிச்சல் அடங்குவதற்கு முன்பே, அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. சிரிப்பு. இந்த மனிதர் வாயிலிருந்து இதைவிட நல்ல சர்டிபிகேட் வராது. கண்டுபிடிக்க மாட்டாள் என்று பந்தயம் கட்டித் தோற்றவர் தருகிற சர்டிபிகேட்.

“சிரிக்கியா?” என்றார் ஜெபசிங், உண்மையிலேயே புரியாமல்.

வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது.

எஸ்.ஐ. நடுத்தர வயதுப் பெண். உள்ளே வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஜெபசிங் கயிற்றுக் கட்டுகளைத் தாண்டி ஓடினார். “ஒண்ணுமில்ல மேடம். நாங்கதான் கொஞ்சம் தப்பா வெளங்கிக்கிட்டோம். காப்பி சாப்பிடுதீங்களா?”

“கம்ப்ளைண்ட் இல்லையா?”

“இல்ல மேடம்.”

“அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னீங்க? யாரோ ரிப்போர்ட் தருவாங்கன்னீங்களே.”

“நான்தான் மேடம்,” என்றாள் பெர்சிஸ்.

ஜெபசிங்கின் கண் அவளை மன்றாடியது. அந்தக் கண்ணில் அவள் அம்மாவின் சாயல் இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டுப் பேசினாள். “ரெண்டும் ஒரே டிசைன்னு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தர்றேன். எது தாய், எது பிள்ளைன்னும் சேர்த்து எழுதுவேன். பிள்ளை பொறந்தது ஆயுத பூஜைக்கு அப்புறம். எழிலன் இந்தக் கடையை விட்டுப் போய் மாசக்கணக்காச்சு. சாட்சி இதோ நிக்கிறார், விரலோட. கம்ப்ளைண்ட் குடுக்க வேண்டியவங்க விம்கோ நகர்ல இருக்காங்க. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்.”

எஸ்.ஐ. இரண்டு கன்களையும் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். பருவைப் பார்த்தார். மலர்க்கொடி தம்ப் ரெஸ்ட் கதையை அவர் காதில் கிசுகிசுத்தாள். அவர் வாயோரம் துடித்தது. “இதுக்கு ஸ்லைடு வேற போட்டாங்களாமே?”

ஷிபின் கூரையைப் பார்த்தான்.

“நீ கிளம்புப்பா,” என்றார் எஸ்.ஐ. எழிலனிடம். “உன்மேல ஒண்ணும் இல்லை.”

எழிலன் எழுந்திருக்கவில்லை. “மேடம், காலைல இவுரு என்ன திருடன்னு இவுங்க அத்தினி பேரு எதிர்லயும் சொன்னாரு. இவுங்க எதிர்லயே இல்லன்னு சொல்லட்டும். அப்பறம் போறேன்.”

கடையே ஜெபசிங்கைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். “சரி... எழிலன் எடுக்கல.”

“பாதிதான் அமுக்கிகினு கீற மாமு,” என்றாள் மலர்க்கொடி. “முழுசா அமுக்கு.”

ஜெபசிங் அவளை முறைத்தார். எஸ்.ஐ.யைப் பார்த்தார். பிறகு, சபையில் வேதம் வாசிக்கிற குரலில், பெயிண்ட் டின்கள்வரை கேட்கும்படி சொன்னார்: “எழிலன் எதையும் எடுக்கல. தப்பு எங்க மேல.”

தராசுப் பக்கமிருந்து ஒருவன் எழுந்து போய், கேட்காமலே டிராயரைத் திறந்து போனை எடுத்து எழிலன் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவன் தோளில் ஒருமுறை தட்டினான்.

எழிலன் வாசல்படிக்கு வந்து போனை உயிர்ப்பித்தான். அது கையிலேயே அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. காதில் வைத்தான்.

“ம்மா... இல்லம்மா, கத்தாத. இங்கதான், ராயபுரத்துலதான் இருந்தேன். ஒண்ணும் இல்ல.” முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இன்னா கொயம்பு?” என்றான் பிறகு.